கேம் கலெக்‌ஷனை எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?

கேள்வி, 12 ஜனவரி 2025

நேற்று பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கன்சோலுக்கு ஒரு கேம் டிஸ்க் வாங்கிவந்து அலமாரியில் வைக்கப் போனால், அதே கேம் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. மேலுறைகூடப் பிரிக்கவில்லை. இது மூன்றாவது தடவை. டிஸ்க், கேசட், ஸ்டீம், இன்னும் இரண்டு ஆன்லைன் கடைகளில் வாங்கியது எல்லாம் சேர்த்து நானூறு தேறும் என்று நினைக்கிறேன். சரியாகத் தெரியாது என்பதுதான் பிரச்சினையே. எக்செல் போதுமா, ஆப் ஏதாவது வேண்டுமா? என்னென்ன குறித்து வைக்க வேண்டும்?

பதில், 12 ஜனவரி, இரவு

எக்செல் போதும். ஒரு கேமுக்கு மூன்று கட்டம்: பெயர், கன்சோல், எங்கே இருக்கிறது. இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

13 ஜனவரி

நேற்று மூன்று கட்டம் என்று ஏதோ ஞானி மாதிரிச் சொல்லிவிட்டேன். அந்த மூன்றுக்கு வந்து சேர எனக்கு ஐந்து வருடம் ஆனது.

2019-இல் முதல் ஷீட் போட்டபோது ஒரு கேமுக்கு 23 கட்டம் வைத்தேன். தயாரித்த நிறுவனம், வெளியிட்ட நிறுவனம், வகை, உள்வகை, எத்தனை பேர் ஆடலாம், அட்டை கிழிந்திருக்கிறதா, கையேடு உள்ளே இருக்கிறதா, பத்துக்கு எத்தனை மதிப்பெண். ஒரு கேமை ஏற்ற இருபது நிமிடம். 41 கேம் ஏற்றியதும் கை ஓய்ந்துவிட்டது. அதிலும் பாதி நேரம் "வகை" என்ற ஒரே கட்டத்தில் போனது. டெவில் மே க்ரை வெறும் ஆக்‌ஷனா, ஆக்‌ஷன் அட்வெஞ்சரா என்று ஒரு மாலை முழுக்க யோசித்திருக்கிறேன். அதன்பின் இன்றுவரை வகையை வைத்து எதையும் தேடியதே இல்லை. தயாரித்தது யார் என்று தெரிய வேண்டுமானால் மோபிகேம்ஸ் தளத்தில் 1999-இலிருந்து யார் யாரோ உட்கார்ந்து ஏற்றிவைத்திருக்கிறார்கள். அதே வேலையை நான் மறுபடி எதற்குச் செய்ய வேண்டும்?

இந்த ஷீட்டை எந்த நேரத்தில் திறக்கப் போகிறேன் என்று என்னையே கேட்டபிறகுதான் தெளிந்தது. வாங்கப் போகும்போது, "இது இருக்கிறதா?" ஆடலாம் என்று தோன்றும்போது, "எங்கே வைத்தேன்?" தேடியும் கிடைக்காதபோது, "யாருக்காவது கொடுத்தேனா?" இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாத கட்டம் எல்லாம் அலங்காரம். அலங்காரம் பிடித்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். எனக்கு அது 41-இல் நின்றுவிடுகிறது.

15 ஜனவரி

பெயர்க் கட்டத்தைப் பற்றி யாரும் சண்டைக்கு வரவில்லையே! தலைவலி அங்கேதான் இருக்கிறது.

ஃபைனல் ஃபேன்டஸியை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கிறபடி ரோமன் எண்ணோடு ஏற்றிவிட்டு அகரவரிசையில் அடுக்கச் சொன்னால், கணினி நான்குக்கு அடுத்து ஒன்பதைக் கொண்டுவந்து வைக்கும். அப்புறம்தான் ஐந்து, ஆறு. அதற்கு ரோமன் எண் வெறும் எழுத்து. இது போதாதென்று, 1991-இல் அமெரிக்காவில் 2 என்ற எண்ணோடு வந்தது உண்மையில் நான்காவது கேம். 1994-இல் 3 என்று வந்தது ஆறாவது. கேசட் மேல் இருப்பதை எழுதினால் ஒரு கணக்கு, அசல் எண்ணை எழுதினால் வேறு கணக்கு.

நான் இரண்டு பெயர் எழுதுகிறேன். ஒன்று பெட்டியில் இருக்கும் பெயர். இன்னொன்று அடுக்குவதற்கு மட்டும்: முன்னால் வரும் "தி"-யை வெட்டிவிட்டு, எண்ணை 04, 06 என்று இரண்டு இலக்கமாக வைத்த பெயர்.

அடுத்தது, பெயர் ஒன்று, கேம் இரண்டு. காட் ஆஃப் வார் 2005-இலும் உண்டு, 2018-இலும் உண்டு. டூம் 1993, 2016. ப்ரே 2006, 2017. முதல் ப்ரேக்கும் இரண்டாவதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே ஆண்டும் வேண்டும். மூன்று கட்டம் என்றேன், இப்போது ஐந்தாகிவிட்டது. பரவாயில்லை, 23 இல்லை.

கேம் ஒன்று, பெயர் இரண்டு என்பதும் உண்டு. ரெசிடென்ட் ஈவில் ஜப்பானில் பயோஹசார்ட். ப்ரோ எவல்யூஷன் சாக்கரை வின்னிங் லெவன் என்றே சொல்லி வளர்ந்தவர்கள் இங்கே எத்தனை பேர். இதற்காக "மாற்றுப்பெயர்" என்று ஒரு கட்டம் வேண்டும் என்கிறார் மேலே ஒருவர். பல நாட்டுப் பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பவர்களுக்குச் சரி. என் அலமாரியில் அப்படி நாலைந்துதான் இருக்கும், ஞாபகத்தில் நிற்கும்.

16 ஜனவரி

ஆண்டு என்று பொதுவாகச் சொன்னது தப்பு. பெட்டியில் அச்சிட்ட ஆண்டை எழுதினால் மலிவுப் பதிப்பாக மறுபடி வந்தவை எல்லாம் குழப்பும். கேம் முதன்முதலில் வெளிவந்த ஆண்டை எழுதுங்கள்.

அப்படியானால் ஸ்கைரிம் எத்தனை வரி என்று உடனே கேட்பீர்கள். 2011-இல் வந்தது, 2016-இன் ஸ்பெஷல் எடிஷன், 2021-இன் ஆனிவர்சரி எடிஷன். என்னிடம் முதல் இரண்டும் இருக்கின்றன, இரண்டு வரி போட்டிருக்கிறேன். இரண்டிலும் ஆட்டம் முடியவில்லை. முதல் ஊரைத் தாண்டியதும் வேறு எங்கோ போய்விடுகிறேன்.

19 ஜனவரி

"பார்கோடை ஸ்கேன் செய்தால் தானாக ஏறிவிடுமே, எதற்கு இவ்வளவு டைப் அடிக்கிறீர்கள்?" என்று கேட்டவருக்கு.

செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஃபோனில் 180 பெட்டிகளை ஸ்கேன் செய்து, சிஎஸ்வி (பட்டியலை வெறும் எழுத்தாகச் சேமிக்கும்) கோப்பாக இறக்கி, எக்செலில் திறந்து, இரண்டு தலைப்பை மாற்றி, சேமித்தேன். அடுத்த வாரம் திறந்தால் பாதி பார்கோடுகள் 4.5 இ+12 என்று நிற்கின்றன.

நடந்தது இதுதான். பார்கோடை எக்செல் ஒரு எண்ணாக நினைக்கிறது. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்று அதைத் தூக்கிவிடும். நின்டெண்டோ பெட்டிகளின் 12 இலக்கப் பார்கோடுகள் பெரும்பாலும் 045496 என்று ஆரம்பிக்கும். அவை எல்லாம் 11 இலக்கமாகச் சுருங்கிவிட்டன. 13 இலக்கப் பார்கோடு கட்டத்துக்குள் அடங்காது, அதனால் சுருக்கிக் காட்டும். காட்டுவதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சுருக்கத்தையே எழுதிவைத்துவிடும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். 11 இலக்கமானவற்றை முன்னால் ஒரு பூஜ்யம் ஒட்டிக் காப்பாற்றினேன். மற்றவற்றை மறுபடி ஸ்கேன் செய்தேன், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை.

கோப்பை இரண்டு கிளிக்கில் திறக்காமல், உள்ளே இறக்குமதி செய்து, அந்தக் கட்டத்தை "எழுத்து" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இந்த வம்பு கிடையாது.

பார்கோடு பெட்டியில்தான் இருக்கும் என்பதையும் யோசியுங்கள். பெட்டி தொலைந்த டிஸ்க்கை என்ன செய்வது? அதற்கு டிஸ்க் மேலேயே அச்சடித்த குறியீடு இருக்கிறது. பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளில் எஸ்எல்இஎஸ் என்று ஆரம்பித்தால் ஐரோப்பா, எஸ்எல்யுஎஸ் என்றால் அமெரிக்கா, எஸ்எல்பிஎஸ் என்றால் ஜப்பான், பின்னால் ஐந்து இலக்கம். பழைய கேம்பாய் கேசட் லேபிளில் டிஎம்ஜி என்று ஆரம்பிக்கும் குறியீட்டைப் பாருங்கள். பிஎஸ்2-வுக்கு டிஸ்க் எந்த நாட்டுக்கானது என்பது முக்கியம், வேறு நாட்டு டிஸ்க் ஓடாது. அதனால் பார்கோடைவிட எனக்கு உருப்படியாக உதவியது இந்தக் குறியீடுதான். இதைத் தெரிந்துகொள்ள இரண்டு ஞாயிறு ஆனது.

20 ஜனவரி

நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கார்டுகளை எங்கே வைப்பது என்று கேட்டவருக்கு: வாயில் மட்டும் வேண்டாம். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று டெனட்டோனியம் பென்சோயேட் என்ற கசப்புப் பொருளைத் தடவியிருக்கிறார்கள். நான் சோதித்துவிட்டேன். நீங்கள் நம்பினால் போதும்.

2 பிப்ரவரி

"டிஜிட்டல் கேம்களை எதற்குப் பட்டியலில் ஏற்ற வேண்டும், கடையே லைப்ரரி காட்டுகிறதே?"

காட்டும், அதனிடம் இருப்பதை மட்டும். பக்கத்துக் கடையில் நான் அதே கேமை வாங்கியிருப்பது அதற்குத் தெரியாது. தள்ளுபடி நேரத்தில் இரண்டாம் தடவை வாங்குவது அப்படித்தான். கணினி கேம்களுக்கு மட்டும் என்றால் ப்ளேநைட் என்ற மென்பொருள் போதும். இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸில் ஓடும், பல கடைகளின் லைப்ரரிகளை இழுத்து ஒரே பட்டியலாகக் காட்டும். இந்த இடத்தில் "எக்செல் போதும்" என்ற வீறாப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

ஆனால் கடை காட்டும் பட்டியல் நிரந்தரம் என்று நம்பாதீர்கள். யுபிசாஃப்டின் தி க்ரூ, 2014-இல் வந்த கார் பந்தய கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். கொஞ்ச நாளில் வாங்கியவர்களின் லைப்ரரியிலிருந்தே உரிமம் போய்விட்டது. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் பயனில்லை, அந்த கேம் சர்வர் இல்லாமல் ஓடாது. அலமாரியில் பெட்டி இருக்கிறது, கேம் இல்லை.

நின்டெண்டோவின் வீ யு, 3டிஎஸ் கன்சோல்களுக்கான ஆன்லைன் கடைகள் 2023 மார்ச் 27-இல் விற்பனையை நிறுத்தின. அதற்கு முந்தைய வாரம் அவசர அவசரமாகப் பதினாலு கேம் வாங்கினேன். அதைக் குறித்துவைக்கவில்லை. இரண்டு 3டிஎஸ் இருக்கின்றன, எது எதில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்துபார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மெமரி கார்டைக் கழற்றி இன்னொன்றில் போட்டாலும் ஓடாது. ஆகவே "எங்கே இருக்கிறது" என்ற கட்டத்தில் "3டிஎஸ்" என்று எழுதுவது வீண். "நீல 3டிஎஸ்" என்று எழுத வேண்டும்.

4 பிப்ரவரி

கடை மூடினால் எல்லாமே போய்விடும் என்பதுபோல எழுதிவிட்டேன். அப்படி இல்லை. 3டிஎஸ்-இல் ஏற்கெனவே வாங்கியதை இன்னும் இறக்கிக்கொள்ள முடிகிறது. ஜிஓஜி என்ற ஆன்லைன் கடையில் வாங்கினால் நிறுவும் கோப்பையே நம் வட்டில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். நான் எடுத்துவைத்திருக்கிறேனா? 60-இல் 9. மற்றவற்றை இந்த வாரம் எடுக்கிறேன்.

22 பிப்ரவரி

எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அலமாரியைத் தணிக்கை செய்தேன்.

பட்டியல் சொல்கிறது, பெட்டி இருக்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொன்றாகத் திறந்துபார்த்தேன். பதினொரு பெட்டிகளில் கோளாறு.

இது எப்படி நடக்கிறது என்றால், புதிதாக ஒரு டிஸ்க்கைப் போடப் போகும்போது கன்சோலுக்குள் ஏற்கெனவே வேறொன்று இருக்கும். அதன் பெட்டி எங்கோ அலமாரியில். கையில் திறந்த பெட்டி இருக்கிறது. "இப்போதைக்கு" என்று அதில் வைத்துவிடுவோம். அடுத்த நாள் அதே கதை இன்னொரு பெட்டியோடு. ஒரு சங்கிலி உருவாகிவிடும்.

அதை அவிழ்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. முதல் பெட்டியில் வேறு டிஸ்க். அந்த டிஸ்க்கின் பெட்டியைத் திறந்தால் அதில் மூன்றாவது. மூன்றாவதன் பெட்டியில் நான்காவது. ஒரு சங்கிலி ஐந்து பெட்டி சுற்றி முதல் பெட்டியின் டிஸ்க்கிலேயே வந்து முடிந்தது. இன்னொன்று ஆறாவது பெட்டியில் நின்றுவிட்டது, காலிப் பெட்டி. அப்படியானால் கணக்குப்படி ஒரு டிஸ்க் வெளியே எங்கோ இருக்க வேண்டும். யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று மூன்று நண்பர்களைக் கேட்டு, ஒருவர்மேல் கொஞ்சம் சந்தேகமும் பட்டேன். இரண்டு நாள் கழித்து, மேலே கட்டிவைத்திருந்த பழைய பிஎஸ்2-வை இறக்கி மூடியைத் திறந்தால் உள்ளே சாவகாசமாகப் படுத்திருக்கிறது. சந்தேகப்பட்டவரிடம் அதைச் சொல்லவில்லை.

பல டிஸ்க் கேம்களுக்கு எண்ணிக்கையும் எழுதுங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 7 மூன்று டிஸ்க், 8-உம் 9-உம் நான்கு நான்கு. கடைசி டிஸ்க் இல்லை என்பது நாற்பது மணி நேரம் ஆடியபிறகு தெரியவரக் கூடாது.

1 மார்ச்

பேட்டரி. போக்கிமான் கோல்டு கேசட்டுக்குள் சிஆர்2025 பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். கேமுக்குள் ஓடும் கடிகாரத்துக்கும் அதுதான், ஆட்டத்தில் எங்கே நிறுத்தினோம் என்ற பதிவைக் (சேவ்) காப்பாற்றுவதற்கும் அதுதான். பேட்டரி தீர்ந்தால் கேம் ஓடும், சேவ் நிற்காது. பேட்டரியைக் கழற்றினாலும் அதேதான், முதலில் சேவ்-ஐ வேறு கருவியில் பிரதி எடுக்காவிட்டால் அழிந்துவிடும்.

என் கேசட்டில் நான் பார்ப்பதற்கு முன்பே சேவ் போய்விட்டது. அது என் தம்பியின் சேவ். பன்னிரண்டு வயதில் தன் போக்கிமான்களுக்கு அவன் வைத்த பெயர்கள், என்னைத் திட்டி வைத்த ஒரு பெயர் உட்பட. ஃபோனில் சொன்னேன். "அது போனால் என்ன?" என்றான். பத்து நிமிடம் கழித்து அவனே கூப்பிட்டு, "அந்த டைஃப்லோஷன் எந்த லெவலில் இருந்தது?" என்றான்.

அதற்கப்புறம் மெமரி கார்டுகளையும் பட்டியலில் ஏற்றினேன். முதல் பிளேஸ்டேஷன் கார்டில் 15 இடம்தான், ஒரு தாளில் எழுதிவிடலாம். பிஎஸ்2 கார்டு 8 எம்பி. யாருடைய சேவ் என்றும் எழுதுகிறேன்.

9 மார்ச்

"முடித்தது / முடிக்காதது" என்ற கட்டம் வேண்டுமா என்று நாலு பேர் அடித்துக்கொள்கிறீர்கள். டெட்ரிஸை எப்போது முடிப்பது? கதை முடிந்தால் முடிந்ததா, எல்லாப் பரிசுக் கோப்பைகளையும் வென்றால்தானா?

நான் அந்தக் கட்டத்தை வைத்திருந்தேன். ஷீட்டைத் திறக்கும்போதெல்லாம் 212 சிவப்புக் கட்டம் முறைத்துப் பார்த்தது. வீட்டுப்பாடம் மாதிரி. இப்போது "தொடவில்லை", "தொட்டேன்", "போதும்". மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த சொல். இலவசமாகக் கிடைத்தவற்றை ஏற்றுவதையும் நிறுத்திவிட்டேன். எபிக் கடை 2018 கடைசியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது, பட்டியல் வீங்கியதுதான் மிச்சம்.

6 ஏப்ரல்

ஸ்விட்ச் 2-க்கு வரப்போகும் சாவிக் கார்டுகளை எதில் சேர்ப்பது? பெட்டி உண்டு, கார்டு உண்டு, கார்டுக்குள் கேம் இல்லை. போட்டதும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் டிஜிட்டல்தான். பெட்டி போட்ட டிஜிட்டல்.

29 ஜூன்

ஏப்ரலில் சொன்னதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். ஸ்விட்ச் 2 ஜூன் 5-இல் வந்துவிட்டது, ஒரு சாவிக் கார்டு என்னிடமும் இருக்கிறது. அதை என் நண்பனுக்குக் கொடுத்தேன், அவன் கன்சோலில் இறக்கி ஆடினான். எந்தக் கணக்கோடும் அது கட்டுப்பட்டதில்லை. கார்டு அவனிடம் இருக்கும்வரை என்னால் ஆட முடியவில்லை. இது டிஸ்க்கின் குணம். ஆனால் இறக்கும் சர்வர் ஒருநாள் நின்றுவிட்டால் கார்டு வெறும் பிளாஸ்டிக். இது டிஜிட்டலின் குணம்.

அப்போதுதான் "எங்கே இருக்கிறது" என்ற என் ஒற்றைக் கட்டம் இரண்டு கேள்வியை மறைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கையில் இருப்பது எங்கே? கேம் இருப்பது எங்கே? பழைய கேசட்டுக்கு இரண்டும் ஒன்று. சாவிக் கார்டுக்கு முதலாவது "4-ஆம் டப்பா", இரண்டாவது "சர்வர்". தி க்ரூ டிஸ்க் வைத்திருப்பவர் இரண்டாவதில் "எங்கும் இல்லை" என்று எழுத வேண்டும். கட்டத்தைப் பிரித்துவிட்டேன்.

17 ஆகஸ்ட்

டப்பா எண் என்ன என்று கேட்கிறார்கள். முன்பு கன்சோல் வாரியாக, அதற்குள் அகரவரிசையில் அடுக்கினேன். "பி"-யில் ஒரு கேம் வந்தால் "இசட்" வரைக்கும் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். இப்போது வந்த வரிசையில் டப்பாவில் போட்டுக்கொண்டே போகிறேன். டப்பாவுக்கு எண், ஷீட்டில் அந்த எண். அடுக்குவது ஷீட்டின் வேலை. அலமாரி பார்க்க அசிங்கமாக இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதையும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன்.

"யாரிடம்" என்ற கட்டத்தில் தேதியும் போடுங்கள். "கொடுத்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிக் கேட்டால் வராது. "மார்ச் 3-ஆம் தேதி கொடுத்தேன்" என்றால் வருகிறது.

8 நவம்பர்

ஜனவரியில் கேள்வி கேட்டவர் 437 என்று எண்ணி முடித்துவிட்டாராம். நாலு கேம் இரட்டை. வாழ்த்துகள்.

என் பங்குக்கு ஒன்று. போன வாரம் நின்டெண்டோ டிஎஸ்-க்குப் பேராசிரியர் லேட்டன் கேம் ஒன்று கிடைத்தது, டயபாலிக்கல் பாக்ஸ். ஃபோனில் ஷீட்டைத் திறந்து தேடினேன், இல்லை. வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஆட ஆரம்பித்து, ரயில் கிளம்பியதும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. 9-ஆம் டப்பாவைத் திறந்தால் பண்டோராஸ் பாக்ஸ். ஒரே கேம்தான்: அமெரிக்காவில் டயபாலிக்கல் பாக்ஸ், ஐரோப்பாவில் பண்டோராஸ் பாக்ஸ். பார்கோடும் வேறு. டிஎஸ்-க்கு நாட்டுப் பூட்டும் கிடையாது, இரண்டும் ஜோராக ஓடுகின்றன.

ஜனவரி 15-இல் மாற்றுப்பெயர்க் கட்டம் வேண்டும் என்று சொன்னவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். இன்று அந்தக் கட்டத்தைச் சேர்த்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலைந்து என்று நினைத்தேன். இதுவரை 31.